சம்ப் பேக்கிங் மாற்றும்போது எந்தப் பேஸ்ட் போடுவது?

கேள்வியை ஒரு தடவை திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய பெட்ரோல் காரில் ஆயில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, அதன் ஓரத்தில் கசிவு. புது பேக்கிங் (இரண்டு விளிம்புகளுக்கு நடுவே வைக்கும் அடைப்புப் பட்டை) வாங்கி, இரண்டு பக்கமும் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் தடவி மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். ஸ்பேர்ஸ் கடைக்காரர் செல்லாக் (அரக்குப் பசை) போதும் என்கிறார். நண்பர் ஒருவர் கருப்பு பேஸ்ட்தான் ஆயிலுக்கு நிற்கும், சாம்பல் நிறம் அதைவிட உசத்தி என்று குழப்பிவிட்டார். எந்த நிறம் வாங்குவது என்று கேட்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது: உங்கள் எஞ்சினில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வேலை பேக்கிங்குக்கா, பேஸ்ட்டுக்கா? இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டுமே அதைச் செய்யாது.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து, சில காலம் சர்வீஸ் சென்டரிலும் அப்புறம் சொந்த ஷெட்டிலும் வேலை பார்த்தவன் நான். பேஸ்ட்டுக்குள் நடக்கும் வேதியியலைத் தேவையான அளவுக்கு மட்டும் தொடுகிறேன். வண்டி என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே சம்ப்பை இறக்கியதும் நீங்களே பார்த்து முடிவு செய்யும்படி சொல்கிறேன். விளிம்பில் ஒட்டியிருப்பது கார்க்கா, ரப்பரா, அல்லது வெறும் பேஸ்ட்டா என்று பாருங்கள். கம்பெனி எதைப் போட்டு அனுப்பியதோ அதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. முன்பே யாராவது இறக்கிய சம்ப் என்றால் இந்தச் சாட்சியை நம்ப முடியாது. அப்போது பார்ட்ஸ் பட்டியலைப் பாருங்கள். சம்ப்புக்குக் கீழே பேக்கிங் என்று ஒரு நம்பரே இல்லையென்றால் அது பேஸ்ட் ஜாயின்ட்.

நம் ஊரில் ஓடும் கார்களில் இந்தப் பேஸ்ட் ஜாயின்ட் வகை நிறைய. சுஸுகி, டொயோட்டா, ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் சம்ப்புக்குப் பேக்கிங்கே கிடையாது. டியூபிலிருந்து போடும் சிலிக்கான்தான் அங்கே பேக்கிங். ஆனாலும் கடையில் அந்த மாடலுக்கென்று வெட்டிய கார்க் பேக்கிங் சில நேரம் கிடைக்கும். வாங்காதீர்கள். விளிம்பும் விளிம்பும் கிட்டத்தட்ட உலோகத்தோடு உலோகமாக உட்கார வேண்டிய இடத்தில் மெத்தென்ற ஒன்றை நுழைத்தால், போல்ட்டின் இறுக்கம் முழுவதும் அந்த மெத்தைக்குப் போய், நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். அலுமினிய சம்ப் என்றால் இன்னொரு ஆபத்து. பல வண்டிகளில் அது கியர்பாக்ஸோடும் போல்ட் போட்டு இணைந்திருக்கும். பேக்கிங்கின் தடிமன் அளவுக்குச் சம்ப் கீழே இறங்கினால் அந்த போல்ட்கள் நேராக உட்காராது. வலிந்து இறுக்கினால் அலுமினியக் காது விரிசல் விடும். இந்த வகைக்கு நல்ல சிலிக்கான் ஒன்று போதும், வேறு எதுவும் வேண்டாம்.

அச்சில் வார்த்த ரப்பர் பேக்கிங் இருந்தால் கதை நேர் எதிர். போல்ட் துளைகளில் சின்ன இரும்பு வளையங்கள், அல்லது நடுவில் தகடு வைத்து இரு பக்கமும் ரப்பர் வரம்பு எழுப்பியிருப்பார்கள். எவ்வளவு நசுங்கலாம் என்பதைக் கணக்குப் போட்டு அந்த வளையமோ தகடோ நிறுத்துகிறது. இதை உலர்ந்தபடியே மாட்ட வேண்டும். பேஸ்ட் தடவினால் உறையும்வரை அது வழுக்கும். போல்ட்டை முறுக்க முறுக்க ரப்பர் உள்ளே அல்லது வெளியே பிதுங்கும். உங்கள் மெக்கானிக் சொல்லும் இரண்டு பக்கப் பேஸ்ட் இந்த இடத்தில் தெளிவான தவறு. கிட்டத்தட்ட எல்லா பேக்கிங் தயாரிப்பாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஆனால் ரப்பர் பேக்கிங்கிலும் பேஸ்ட் கேட்கும் இடம் ஒன்று உண்டு: மூலைகள். சம்ப் உட்காரும் தளம் ஒரே துண்டு அல்ல. நடுவில் எஞ்சின் பிளாக், முன்னால் டைமிங் கவர், பின்னால் கிராங்க் ஆயில் சீல் இருக்கும் தட்டு. மூன்று பாகங்கள் சந்திக்கும் அந்தக் கோட்டில் மயிரிழை அளவு படி இருக்கும். ரப்பர் அந்தப் படியில் முழுசாகப் படியாது. அங்கே மட்டும் ஒரு சிறு பொட்டு சிலிக்கான் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 எஞ்சின்களில் நல்ல தகடு வைத்த பேக்கிங் இருந்தும், முன் பின் மூலைகளில் 5 மி.மீ. தடிமனும் 20 மி.மீ. நீளமுமாகப் பேஸ்ட் போடச் சொல்கிறது மேனுவல். ‘எல்லாம் புதுசு, ஆனாலும் கசிகிறது’ என்று வரும் வண்டிகளில் முதலில் இந்த மூலைகளைத்தான் பார்ப்பேன்.

கார்க் பேக்கிங் பழைய வண்டிகளின் சொத்து. அம்பாசிடரில் இருந்த, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) வழி வந்த பெட்ரோல் எஞ்சினில் பக்கவாட்டுக்கு இரண்டு நீளத் துண்டு, முன்னும் பின்னும் பேரிங் கேப்புக்கு அடியில் இரண்டு கார்க் பட்டை. நாலும் சந்திக்கும் மூலைகள்தான் அங்கே தலைவலி. கடைக்காரர் சொன்ன செல்லாக்குக்கு உண்மையான வேலை இங்கேதான். சம்ப் பக்கம் மெல்லியதாக ஒரு பூச்சு, கார்க் நகராமல் இருக்க, பிளாக் பக்கம் உலர்வு அல்லது விரல் நுனி கிரீஸ், மூலைகளில் சிலிக்கான். அடுத்த தடவை கழற்றும்போதும் பேக்கிங் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும். கார்க்கைச் சிலிக்கானில் குளிப்பாட்டுவது ரப்பருக்குப் போலவே இதற்கும் ஆகாது. நவீன பேஸ்ட் ஜாயின்ட்டுக்குச் செல்லாக் மட்டும் போடுவதும் வீண். அது காய்ந்து இறுகும். தகடு சூட்டில் அசையும்போது கூடவே இழுபடாமல் வெடிப்பு விடும்.

சரி, இப்போது டியூப். நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஆர்டிவி சிலிக்கான். அறை வெப்பத்திலேயே, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உறையும். உறையும்போது எதை வெளியேற்றுகிறது என்பதை வைத்து இரண்டு குடும்பங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலம் விடும் வகை. பாத்ரூம், மீன் தொட்டி, ஜன்னல் கண்ணாடிக்கு ஹார்டுவேர் கடையில் விற்பது பெரும்பாலும் இதுதான். அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். அதைவிட முக்கியம், சூடான எஞ்சின் ஆயிலில் அந்த வகைக் கண்ணாடி சிலிக்கான் ஊறி, மெத்தென்று ஆகி, பட்டையாக உரிந்து வரும். மோட்டார் பயன்பாட்டுக்கென்று வரும் நடுநிலை வகையில் அந்தப் புளிப்பு வாடை இருக்காது. ‘சென்சார் சேஃப்’, ‘நியூட்ரல் க்யூர்’, ‘ஆயில் ரெசிஸ்டன்ட்’ போன்ற சொற்கள் டியூபில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இந்த வகை.

சிவப்பு டியூப் விற்கும்போது 300 டிகிரிக்கு மேல் தாங்கும் என்பதை எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சம்ப்புக்கு அது தேவையே இல்லை. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் சம்ப் ஆயில் 90 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். கடுமையாக ஓட்டினால் அதற்கும் கொஞ்சம் மேலே. எந்த ஆர்டிவி சிலிக்கானும் அந்தச் சூட்டைத் தாங்கும். சம்ப் கேட்பது மூன்று குணங்கள்: ஆயிலிலும் அதிலுள்ள அடிட்டிவ்களிலும் வருஷக்கணக்கில் ஊறினாலும் இளகாமல் இருப்பது, மெல்லிய தகடு அதிரும்போது கூடவே இழுபட்டுத் திரும்புவது, உலோகத்தில் பிடித்து நிற்பது. பெர்மாடெக்ஸ் கம்பெனியின் வரிசையில் ‘அல்ட்ரா பிளாக்’ ஆயில் தாங்குவதற்கும், ‘அல்ட்ரா கிரே’ இறுக்கம் அதிகமான, அசைவு குறைந்த ஜாயின்ட்களுக்கும், ‘அல்ட்ரா காப்பர்’ அதிக சூட்டுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் நண்பரின் கருப்பு–சாம்பல் விவாதம் இங்கிருந்து வந்திருக்கலாம். அந்த நிறக் கணக்கு அந்தக் கம்பெனியோடு சரி; இன்னொரு கம்பெனியின் கருப்பு டியூப் அதே குணத்தோடு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சென்னை அனபாண்ட் கம்பெனியின் பெயரைத்தான் நம் ஷெட்களில் எல்லாப் பேஸ்ட்டுக்கும் சொல்கிறோம். ஆனால் அவர்களே போல்ட் தளராமல் பிடிக்கும் திரெட் லாக்கர் முதல் சிலிக்கான் வரை விதவிதமாகச் செய்கிறார்கள். கடையில் ‘ஒரு அனபாண்ட்’ என்று கேட்காமல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். 666 என்ற நம்பர்தான் மெக்கானிக்குகள் வழக்கமாக வாங்கும் சிலிக்கான். உங்கள் மேனுவல் ஒரு குறிப்பிட்ட பேஸ்ட்டின் பெயரைச் சொல்லியிருந்தால் அதையே வாங்குங்கள். கூடுதல் செலவு ஒரு லிட்டர் ஆயில் விலையைத் தாண்டாது.

டியூபின் அடியில் உள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள். கடை அலமாரியில் கிடந்து பழசான சிலிக்கான் வெளியே வரும்போதே திப்பித் திப்பியாக இருக்கும், உலோகத்தில் ஒட்டாது. மிச்சமான டியூபை வைத்து கார்புரேட்டர் ஜாயின்ட்டையோ பெட்ரோல் பம்பையோ அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் பட்டால் சிலிக்கான் ஊதிப் போகும்.

காற்றில்லாத இடத்தில், உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் உறையும் அனரோபிக் பேஸ்ட் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். லாக்டைட் 518 போன்றவை. மிக நல்ல சரக்கு. பிதுங்கி உள்ளே போனது உறையாமல் ஆயிலில் கரைந்து போய்விடும் என்பது அதன் பெரிய லாபம். ஆனால் அது கால் மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளிக்கும், மெஷினில் கடைந்த, அசையாத இரண்டு கனமான முகங்களுக்கும் உரியது. அச்சில் அழுத்திய தகட்டுச் சம்ப்புக்கு வேலைக்காகாது.

இவ்வளவு சொன்ன பிறகும், நான் பார்த்த கசிவுகளில் டியூபைத் தப்பாக வாங்கியதால் வந்தவை குறைவுதான். துடைக்காததால் வந்தவைதான் அதிகம். சிலிக்கான் உலோகத்தில் ஒட்ட வேண்டும். ஆயில் படலத்தில் அது ஒட்டாது. நம் ஷெட்களில் டீசல் அல்லது மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் துணியால் துடைத்து, அப்படியே பேஸ்ட் போடுவார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். விரலை வைத்துத் தேய்த்தால் வழவழப்பு தெரியும். கழுவிய பிறகு பிரேக் கிளீனர் அல்லது தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் கறை ஏறாத வரைக்கும் துடைக்க வேண்டும். சம்ப்பை மேசையில் வைத்துச் செய்வது சுலபம். கஷ்டம் மேலே, பிளாக்கில்தான். நீங்கள் துடைத்து முடித்துப் பேஸ்ட் போட்டுக்கொண்டிருக்கும்போதே உள் சுவரிலிருந்து ஒரு சொட்டு மெல்ல இறங்கி விளிம்பில் வந்து நிற்கும். அந்த ஒரு சொட்டு போதும். அதனால் முடிந்தால் சம்ப்பை மாலையில் இறக்கிவிட்டு, இரவு முழுக்க வடியவிட்டு, காலையில் மாட்டுங்கள். மாட்டும் முன் கடைசியாக ஒரு தடவை விளிம்பைச் சுற்றித் துணியை ஓட்டிவிடுங்கள்.

பழைய பேஸ்ட்டைச் சுரண்ட இரும்புச் சம்ப் என்றால் பட்டி பிளேடு போதும். அலுமினியத்தில் பிளாஸ்டிக் அல்லது மரப் பட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும். இரும்பு பிளேடு போட்ட கீறல் அடுத்த கசிவுக்கு வழி. கிரைண்டரில் மாட்டும் உராய்வு டிஸ்க்கைப் பிளாக் பக்கம் கொண்டே போகாதீர்கள். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் ஆயிலோடு சேர்ந்து பேரிங்கைத் தின்னும். ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கென்றே தன் டீலர்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது. தகட்டுச் சம்ப்பில் இன்னொன்றையும் சரி பாருங்கள். முன்பு அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு பிளாக் பக்கமாகக் குமிழ்ந்திருக்கும். ஒரு இரும்பு ஸ்கேலை விளிம்பில் வைத்தால் துளைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். தட்டையான மரக்கட்டை மேல் விளிம்பை வைத்து, சின்னச் சுத்தியலால் குமிழைத் தட்டித் தட்டையாக்காமல் எந்தப் பேஸ்ட் போட்டும் பயனில்லை.

பேஸ்ட்டை எவ்வளவு போடுவது என்பதில்தான் ஆசை மிஞ்சும். மேனுவலில் அளவு இல்லையென்றால் 3 முதல் 4 மி.மீ. தடிமனில், கம்பிக் கோலம் இழுப்பது போல எங்கும் அறுபடாத ஒரே இழை. போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக அது ஓட வேண்டும். துளை வழியாகவும் ஆயில் வெளியேறும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆரம்பமும் முடிவும் மூலையில் சந்திக்காமல் நேரான பகுதியில் சந்திக்கட்டும். விரலால் தேய்த்துப் பரப்ப வேண்டாம். உருண்டையாக இருந்தால்தான் நசுங்கும்போது காற்றைத் தள்ளிவிட்டுப் பரவும். வெளியே கொஞ்சம் பிதுங்கினால் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது உறைந்து, புழு மாதிரி துண்டாக அறுந்து, ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெயினர் வலையில் போய் ஒட்டும். இறக்கிய சம்ப்புக்குள் ஸ்ட்ரெயினரில் சிவப்புப் புழுக்கள் அப்பியிருப்பதைப் பார்த்தவர்கள் பிறகு டியூபை அமுக்கும்போது யோசிப்பார்கள். கசிவால் தரைதான் அழுக்காகும். ஆயில் பம்ப் உறிஞ்ச முடியாமல் போனால் எஞ்சினே போய்விடும்.

இழை போட்ட பிறகு தாமதிக்கக் கூடாது. பல டொயோட்டா மேனுவல்களில் 3 நிமிடம், ஹோண்டாவில் 5 நிமிடம் என்றுதான் அவகாசம். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் மேல்தோல் இன்னும் சீக்கிரம் கட்டும். ஆகவே போல்ட் எல்லாம் எண்ணி, துடைத்து, கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு டியூபைத் திறக்கவும். சம்ப்பை நேராக ஒரே தடவையில் தூக்கி வைக்க வேண்டும். வைத்து நகர்த்தினால் இழை இழுபட்டுவிடும். தலையில்லாத இரண்டு நீள ஸ்டட்களை எதிரெதிர் துளைகளில் தற்காலிகமாக மாட்டி வழிகாட்டியாக வைத்தால் தனி ஆளாகவும் செய்யலாம்.

எப்போது இறுக்குவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. டியூபின் அட்டையில் சில கம்பெனிகள், விரலால் மட்டும் முறுக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து கால் சுற்று இறுக்கச் சொல்கின்றன. கார் கம்பெனிகளின் மேனுவல்கள் உடனே முழு இறுக்கம் கொடுக்கச் சொல்கின்றன. இரண்டு பக்கமும் அனுபவஸ்தர்கள் இருக்கிறார்கள்; இது தீர்ந்த வழக்கு என்று நான் சொல்ல மாட்டேன். என் வழக்கம், பேஸ்ட் ஜாயின்ட்டாகவே வடிவமைத்த சம்ப்பில் மேனுவல்படி ஒரே மூச்சில் இறுக்கிவிடுவது. அந்த விளிம்புகளில் பேஸ்ட் தங்குவதற்கு இடம் விட்டிருப்பார்கள். பாதி உறைந்த பிறகு அசைத்தால் பிடித்த ஒட்டு விட்டுப் போகலாம். எம்6 (6 மி.மீ.) போல்ட்டுக்கு இறுக்கும் முறுக்கு விசை பொதுவாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். கார்க்குக்கு இன்னும் குறைவு. நடுவிலிருந்து ஆரம்பித்து மாறி மாறி வெளிப்பக்கம் போகவும். நீளக் கைப்பிடி ராட்செட் வேண்டாம். 10 நம்பர் ஸ்பேனரை மணிக்கட்டு பலத்தில் திருப்பினாலே அந்த அளவைத் தாண்டிவிடலாம்.

வண்டியை நான் பார்க்கவில்லை என்பதால் ஒரு சந்தேகத்தையும் சொல்லியாக வேண்டும். கசிவு சம்ப்பிலிருந்துதான் என்பது உறுதியா? டேப்பட் கவர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர், கிராங்க் சீல் எங்கே கசிந்தாலும் ஆயில் வழிந்து சம்ப் விளிம்பில்தான் சொட்டும். முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவி, காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பவுடர் காட்டிக்கொடுக்கும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல ஜாயின்ட்டைக்கூடக் கசிய வைக்கும். அதையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். அதில் பேஸ்ட்டோ டெஃப்லான் டேப்போ வேண்டாம்.

மாட்டிய பிறகு காத்திருங்கள். சிலிக்கான் வெளியிலிருந்து உள்நோக்கி, ஒரு நாளைக்கு 2–3 மி.மீ. ஆழம் என்ற அளவில்தான் உறையும். ஹோண்டா மேனுவல்களில் ஆயில் ஊற்ற குறைந்தது 30 நிமிடம் என்று இருக்கிறது, டொயோட்டாவில் 2 மணி நேரம். அவை அந்தந்தக் கம்பெனி பேஸ்ட்டுக்கான குறைந்தபட்சம். கடையில் வாங்கிய டியூப் என்றால் ஒரு இரவு விட்டுவிடுங்கள், மறுநாள் ஆயில் ஊற்றிக்கொள்ளலாம். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கார்க் பேக்கிங்கை மட்டும் ஒரு சுற்று சரிபார்க்கலாம். அது அமுங்கித் தளர்வது வழக்கம். சிலிக்கான் ஜாயின்ட்டையும் ரப்பரையும் மறுபடி இறுக்கத் தொடாதீர்கள்.